முதல் பயனாளி றுகையா

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுவது முறை.

எங்கள் ஊர் வைத்தியசாலையின் புதிய கட்டடத்தில், வெளிநோயாளர் பிரிவுக்கும் மருந்து கொடுக்கும் யன்னலுக்கும் இடையில் அது இருக்கிறது. உள்ளே, இதயத்தை ஒலி அலையால் படம்பிடித்துப் பார்க்கும் எக்கோ கருவி. கட்டாரில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து வாங்கி அனுப்பியது. கம்பனிக்காரர்கள் வந்து பொருத்தினார்கள், இயக்கிப் பார்த்தார்கள், எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே வைத்தியசாலை அபிவிருத்திக் குழு கதவு நிலையின் குறுக்கே ஒரு சிவப்பு றிபனைக் கட்டியது.

கதவுக்குப் பூட்டுப் போடவில்லை. தேவையும் இருக்கவில்லை. எங்கள் ஊரில் பூட்டை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். கூட்டுறவுக் கடையின் கூரையைப் பிரித்து இறங்கியவர்கூட ஒருவர் இருந்தார், பிற்காலத்தில் நல்ல மனிதராகிவிட்டார். ஆனால் திறப்பு விழா நடக்காத றிபனைக் கடந்தவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை.

கருவியில் தூசு படிகிறது என்று தாதிமார் முறையிட்டபோது குழு கூடி ஆராய்ந்தது. தூசு தட்டுவது கருவியைப் பயன்படுத்தும் பாவனை ஆகாது என்று தீர்மானித்து, றிபனுக்குக் கீழால் குனிந்து போய்வரச் சிற்றூழியர் ஒருவருக்கு அனுமதி கொடுத்தது. குனியும்போது தலை றிபனில் முட்டக் கூடாது என்பது நிபந்தனை.

விழா ஏன் நடக்கவில்லை என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். கல்தான் காரணம். சுவரில் பதிக்கும் நினைவுக் கல்லில் இரண்டு பிரமுகர்களின் பெயர் வர வேண்டும். முதற்கல்லில் ஒருவர் பெயர் மேலே இருந்தது, கீழே இருந்தவர் கோபித்துக்கொண்டார். இரண்டாவது கல்லில் இரண்டையும் ஒரே வரியில் வெட்டினார்கள். அப்போது இடப்பக்கத்தில் இருப்பவர்தான் முதலாமவர் என்று வலப்பக்கத்தவரின் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். கடைசியில் கல்முனைக்குப் போய் வட்டமான கல் ஒன்றில் பெயர்களைச் சுற்றிவர வெட்டுவித்தார்கள். வட்டத்துக்கும் உச்சி என்று ஓரிடம் இருப்பது கல்லைச் சுவரில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இது இப்படி இருக்க, றுகையாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

றுகையா, வட்டவிதானை ஷரிபுதீனின் மனைவி. வட்டவிதானை என்பவர் ஒரே கண்டமாகச் சேர்ந்து கிடக்கும் வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடுபவர். ஷரிபுதீன் அந்தப் பொறுப்பில் தலை நரைத்தவர். யாருடைய பயிர் வாடினாலும், அது தன் சொந்த மச்சானுடைய பயிராக இருந்தாலும், முறை வருமுன் மதகின் துரிசுக் கதவைத் தூக்க மாட்டார். அதனால் அவருக்கு மரியாதை இருந்தது. மச்சான்மார் இருக்கவில்லை.

றுகையா கிணற்றடியிலிருந்து குசினிக்கு வாளியோடு வரும்போது இடையில் இரண்டு தரம் நின்றாள். பிறகு வெறும் கையோடு வரும்போதும் நின்றாள். பிறகு தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதுக்குப் போனால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுவதுபோல் இருக்கிறது என்று கதிரையில் இருந்து தொழுதாள். நேராகப் படுக்க முடியாமல் தலையணைக்கு மேல் தலையணையாக அடுக்கினாள். அப்போதுதான் ஷரிபுதீன் அவளை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டொக்டர் தர்சிகா காரைதீவுப் பிள்ளை. அந்தக் கருவியை இயக்குவதற்கென்றே வெளியூரில் பயிற்சி பெற்று வந்தவர். வந்த நாளிலிருந்து இருமலுக்கும் சிரங்குக்கும் மருந்தெழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி அக்காமாரை ராத்தா என்றும் அண்ணன்மாரைக் காக்கா என்றும் கூப்பிடப் பழகியிருந்தார். றுகையாவின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“ராத்தா, சின்ன வயசில தொண்டை நோவு, காய்ச்சல், மூட்டு வீக்கம் எண்டு கிடந்தீங்களா?”

“ஓம். மூட்டு மூட்டா வீங்கி நடக்க ஏலாமக் கெடந்தன். உம்மா எண்ண போட்டு உருவினா. அது சுகமாப் போயிட்டு.”

“மூட்டு சுகமாப் போச்சு. அந்தக் காய்ச்சல் நெஞ்சுக்குள்ள செய்த வேல மட்டும் நிண்டு போச்சு.” டொக்டர் ஷரிபுதீன் பக்கம் திரும்பினார். “காக்கா, இதயத்துக்குள்ள மேலறையில இருந்து கீழறைக்கு ரத்தம் இறங்குற வாசல் ஒண்டு இருக்கு. அதுக்கு ரெண்டு இதழ். ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடோணும். ராத்தாக்கு அந்த இதழ் ரெண்டும் ஓரத்தில ஒட்டி, வாசல் ஒடுங்கிப் போச்செண்டு நினைக்கிறன். சத்தம் அப்பிடித்தான் கேக்குது.”

“துரிசு இறுகின மாதிரியா டொக்டர்?”

“ஓம், அப்பிடித்தான். கீழ்ப்பக்கம் காணாது, மேல்ப்பக்கம் தேங்குது. மேல்ப்பக்கம் எண்டா சுவாசப்பை. அதாலதான் படுத்தா மூச்சு முட்டுது.”

“துரிசு எண்டா கம்பி வச்சு நெம்புவம்.”

“இதையும் நெம்பலாம். தொடையில இருக்கிற நாளத்தால மெல்லிய குழாய் ஒண்ட உள்ளுக்கு அனுப்பி, அந்த வாசல்ல கொண்டுபோய் ஒரு பலூன ஊதுவாங்கள். ஒட்டின இதழ் விரியும். நெஞ்ச வெட்டத் தேவையில்ல. ஆனா இதழ் கல்லுப்போல இறுகியிருந்தாலோ, மேலறையில ரத்தம் கட்டியாக் கிடந்தாலோ அது சரிவராது. அப்ப நெஞ்சத் திறந்து வால்வ மாத்தோணும். மாத்தினா, ரத்தம் உறையாம இருக்க மருந்தும் எடுக்கோணும். எது இவக்குச் சரியெண்டு எக்கோவில பாத்தாத்தான் தெரியும். பெரியாஸ்பத்திரியிலயும் முதல்ல அதத்தான் கேப்பாங்கள்.”

“அப்ப பாருங்களன் டொக்டர். பக்கத்து அறையிலதானே இரிக்கி.”

டொக்டர் தர்சிகா பேனையை மூடினார். “ஓம் காக்கா. பக்கத்து அறையிலதான் இருக்கு,” என்றார். நீர் போவதற்கும் துடிப்பைத் தணிப்பதற்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து, குழுவின் தலைவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். தான் கேட்ட மூன்று தரமும் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று பதில் வந்ததையும் சொன்னார்.

குழுவின் தலைவர் ஜனாப் அப்துல் ஸமட், ஓய்வுபெற்ற அதிபர். செயலாளர் முகைதீன்பாவா, தலைவரின் பழைய மாணவர். இந்த இருவர் பேசினால் குழு பேசியதாகும். ஷரிபுதீன் போனபோது வட்டக் கல்லை எந்தப் பக்கம் திருப்பிப் பதிப்பது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னார். தலைவர் பிளேன்ரீயை வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவருக்கு இருந்துகொண்டு கதைக்க வராது.

“விதானையார், பாவிச்ச கருவிக்குப் பேர் பழைய கருவி. பழைய கருவியத் திறந்து வைக்க எந்தப் பிரமுகர் வருவார்? பிரமுகர் வராட்டி அது திறக்கப்பட்டதாகுமா? திறக்கப்படாத கருவியால நோயாளியப் பாத்தா அந்த நோயாளி பாக்கப்பட்டதாகுமா? நீங்க விளங்கின மனிசன். சொல்லுங்க பாப்பம்.”

ஷரிபுதீன் தனக்கு விளங்கியதைச் சொன்னார். “கூட்டிறவர் குனிஞ்சு போறாராமே சேர். இவளும் குனிஞ்சு போவாள்,” என்றார்.

“கூட்டிறவர் பயன் பெறப் போகல்ல. நோயாளி பயன் பெறப் போறா. பயன் பெற்றா அவ பயனாளி. விழாவுக்கு முந்தி ஒரு பயனாளி உண்டாகிட்டா, விழா அண்டைக்கு நாங்க ஆரக் காட்டுற?” தலைவரின் குரல் தழுதழுத்தது. “என்ட சேவைக் காலத்தில எத்தினையோ கட்டடம் திறந்திரிக்கன் விதானையார். அதுல சிலதுக்குக் கூரை இரிக்கல்ல. ஒண்டுக்கு, சொன்னா நம்ப மாட்டீங்க, படிக்கப் புள்ளையளே இரிக்கல்ல. ஆனா ஒரு விழா பிழச்சதெண்டு எவனும் விரல் நீட்ட ஏலா.”

இந்த இடத்தில் செயலாளர் முகைதீன்பாவா நிகழ்ச்சி நிரலைத் தலைவரிடம் நீட்டி ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். கிராஅத் ஓதுதல், வரவேற்புரை, தலைமையுரை, நாடா வெட்டுதல் எல்லாவற்றுக்கும் நேரே பெயர் இருந்தது. ‘முதல் பயனாளியைப் பரிசோதித்தல்’ என்பதற்கு நேரே மட்டும் வெறுமையாக இருந்தது. இருவரும் ஷரிபுதீனைப் பார்த்தார்கள்.

“காக்கா,” என்றார் செயலாளர், “ராத்தாக்கு நல்லா மூச்சு வாங்குதா?”

“நல்லா வாங்குது தம்பி.”

“தூரத்தில நிண்டு பாத்தாலும் தெரியுமா?”

இவ்வாறு றுகையா முதல் பயனாளியாக ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டாள். விழா அடுத்த கிழமை என்று சொன்னார்கள். ஷரிபுதீன் வீடு திரும்பி, முறை கிடைத்துவிட்டது என்றார்.

அடுத்த கிழமை பிரதம அதிதிக்கு வேறு ஓர் ஊரில் பாலம் திறக்க இருந்தது. அதற்கடுத்த கிழமை அந்தப் பாலத்தின் கல்லில் பெயர் பிழையாகி, மறுபடி திறக்க இருந்தது. எங்கள் குழு இந்த இடைவெளியை வீணாக்கவில்லை. முதல் பயனாளியின் படத்தோடு சந்தியில் பெரிய பெனர் ஒன்று கட்டியது. பெண்பிள்ளையின் படம் சந்தியில் தொங்குவது முறையல்ல என்று பள்ளிவாசல் பக்கத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. நியாயமான ஆட்சேபம் என்று குழு ஏற்றுக்கொண்டு, றுகையாவின் படத்தை மூடி அதே இடத்தில் பிரதம அதிதியின் படத்தை ஒட்டியது. கீழே இருந்த வாசகத்தை மாற்ற நேரம் இருக்கவில்லை. ‘மூச்சுவிட முடியாமல் தவிக்கும் எமது முதல் பயனாளி’ என்று அது இருந்தது. பிரதம அதிதியின் வீட்டுக்குச் சுகம் விசாரித்துத் தொலைபேசியில் கோல் எடுத்தவர்கள் நிறையப் பேர். இறைவனிடம் துஆச் செய்வதாகவும் சிலர் சொன்னார்களாம்.

டொக்டரின் மாத்திரையால் றுகையாவுக்குச் சில நாட்கள் கொஞ்சம் சுகமாக இருந்தது. குசினி வரைக்கும் நிற்காமல் நடந்தாள். செய்தி கேள்விப்பட்ட செயலாளர் முகைதீன்பாவா முகம் வெளுத்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

“ராத்தா, நடக்கிறீங்களாமே.”

“ஓம் தம்பி, அல்ஹம்துலில்லாஹ். ஏன், நடக்கப்படாதா?”

“நடக்கலாம் ராத்தா, அப்பிடியில்ல. விழா அண்டைக்கு நீங்க பாட்டுக்கு நடந்து வந்தா, இவக்கு எதுக்குக் கருவியெண்டு கேப்பாங்க. அந்த மாத்திரைய விழா முடியும்வரைக்கும் கொஞ்சம் கொறச்சா நல்லமெண்டு தலைவர் அபிப்பிராயப்படுறார்.”

றுகையா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன் தம்பி, ஒரேயடியாச் சாகவிட்டு மையத்தாக் கொண்டு வந்து வச்சா இன்னும் நல்லாரிக்குமே.”

முகைதீன்பாவா அதை யோசித்தார். “அது திறப்பு விழாவுக்குப் பொருந்தாது ராத்தா,” என்றார்.

மாத்திரையை றுகையா குறைக்கவில்லை. ஆனால் வாசல் ஒடுங்கியிருக்கும்போது மாத்திரை எத்தனை நாளைக்கு. மழை தொடங்கியபோது அவளுக்கு இருமல் வந்தது. துப்பினால் சளியில் இரத்தக் கோடு இருந்தது. படுக்கையை விட்டுவிட்டு மேசையில் தலைவைத்து இருந்தபடி தூங்கினாள். நெஞ்சு ஒரு ஒழுங்கில்லாமல் அடித்தது. ஷரிபுதீன் பக்கத்தில் இருந்து அந்த மூச்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இஞ்ச பாருங்க,” என்றாள் றுகையா. “நம்மட முறை எப்ப வரும்?”

“வாற கிழமை எண்டாங்க.”

“நீங்க வயலுக்குத் தண்ணி குடுக்குற நேரம், பயிர் செத்த பொறவு குடுத்திரிக்கீங்களா?”

ஷரிபுதீன் விடிந்ததும் ஓட்டோ பிடித்து, தனியார் இடத்தில் எக்கோ பார்க்க அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சந்தியில் பெனருக்குக் கீழே தலைவர் அப்துல் ஸமட் நின்றார். பெனர் காற்றுக்குக் கிழியாமல் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பது அவர் வழக்கம். ஓட்டோவை மறித்தார். எங்கே என்று கேட்டார். சொன்னதும் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

“விதானையார், கட்டார்ல வெயிலுக்க நிண்டு வேல செய்ற நம்மட புள்ளைகள்ட முகத்தில கரியப் பூசப் போறீங்க. வாற வியாழன் உறுதி. இப்பதான் கோல் வந்திச்சு. கல்லும் சரி. ரெண்டு பேர்ட பேரையும் எடுத்திட்டு வெறுங்கல்லாப் பதிக்கிறதெண்டு முடிவு. நீங்க வேற இடத்தில பாத்திட்டு வந்தா, பிரதம அதிதிட முன்னால நான் ஆரப் படுக்க வைக்கிற? முறை தெரிஞ்ச நீங்களே முறைய உடச்சா மத்தவன் என்ன செய்வான்?”

வேறு எந்தச் சொல்லுக்கும் ஷரிபுதீன் ஓட்டோவைத் திருப்பியிருக்க மாட்டார். அந்தக் கடைசிச் சொல்லுக்குத் திருப்பினார். றுகையாவுக்கு மறுத்துப் பேச மூச்சு இருக்கவில்லை.

வியாழன் வந்தது. வைத்தியசாலை முன்றலில் பந்தல், பந்தலுக்குள் மேடை, மேடைக்கு எதிரே அந்தக் கதவு, கதவில் புதிய றிபன். பழையது வெயிலில் வெளிறிவிட்டதால் மாற்றியிருந்தார்கள். நோயாளி உள்ளே படுத்திருப்பது பாவனை ஆகாது என்று முதல்நாளே தீர்மானம் எடுத்திருந்தபடியால், றுகையாவை றிபனுக்குக் கீழால் குனியவைத்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் இருத்தினார்கள். குனிந்து நிமிர்ந்ததில் அவளுக்குக் கண் இருண்டது. ஷரிபுதீன் கூடவே போனார். டொக்டர் தர்சிகாவும் போனார். கதவைச் சாத்தி, பிரதம அதிதி வரும்வரை காத்திருக்கும்படி சொன்னார்கள்.

வெளியே ஒலிபெருக்கி தொடங்கியது.

டொக்டர் றுகையாவின் உதட்டைப் பார்த்தார். விரல் நகத்தைப் பார்த்தார். இரண்டும் நீலம் பாரித்திருந்தன. சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கருவியை மூடியிருந்த பட்டுத் துணியை இழுத்துத் தரையில் போட்டார். ஆளியை அழுத்தினார். கருவி ஓசையில்லாமல் விழித்தது.

“டொக்டர், அவங்க இன்னும்…” என்றார் ஷரிபுதீன்.

“அவங்கள் பேசட்டும் காக்கா. நாங்க பாப்பம்.”

“எமது தலைவர் அவர்கள் இரவு பகல் பாராது,” என்றது ஒலிபெருக்கி.

றுகையாவைத் தலையணைகளில் சாய்த்து வைத்து டொக்டர் நெஞ்சில் பசைபோன்ற களியைப் பூசி, கருவியின் முனையை மெல்ல நகர்த்தினார். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று அசைந்தது. ஷரிபுதீன் தன் மனைவியின் இதயத்தை முதற்தடவையாகப் பார்த்தார்.

“இந்தா, இதுதான் வாசல். பாருங்க, மீன்ட வாய் மாதிரி இருக்கு. இவ்வளவு திறக்கோணும். திறக்கிறது இவ்வளவுதான்.” டொக்டர் கையால் காட்டியது ஒரு நூல் இடைவெளி போலிருந்தது.

“எத்தனையோ தடைகள், எத்தனையோ சவால்கள், அத்தனையையும் தாண்டி,” என்றது ஒலிபெருக்கி.

“மேலறை வீங்கியிருக்கு. ஆனா நல்ல செய்தி ஒண்டு. இதழ் இன்னும் கல்லாகல்ல, மெதுவாத்தான் இருக்கு. இதுல பாக்க ரத்தக்கட்டியும் தெரியல்ல, அங்க இன்னும் நல்லாப் பாப்பாங்கள். பலூனுக்குச் சரிவரும் போல. இது ஒரு மாசத்துக்கு முதல் தெரிஞ்சிருந்தா நடந்து போய்ச் செய்திட்டு வந்திருப்பா. இப்ப சுவாசப்பையில தண்ணி ஏறிட்டுது. இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்போணும். இண்டைக்கு எண்டா, இப்ப.”

ஊசி ஏற்றி, ஒட்சிசன் வைத்து, பெரியாஸ்பத்திரிக்குக் கோல் எடுத்தார். அம்பியூலன்ஸ் பின்வாசலில் நின்றது. பின்வாசலுக்குப் போகும் வழி அந்தக் கதவால்தான்.

ஷரிபுதீன் றிபனுக்குக் கீழால் குனிந்து வெளியே வந்தார். சபை முழுவதும் அவரைப் பார்த்தது. மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். ஷரிபுதீன் கையால் சைகை காட்டினார். தலைவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். கிட்டப் போய் விஷயத்தைச் சொன்னதும் ஒலிவாங்கியைக் கையால் மூடினார்.

“பிரதம அதிதி சந்தியடிக்கு வந்திட்டாராம். ஒரு பத்து நிமிசம். பொன்னாடை கொஞ்சப் பேருக்குத்தான். நாடா வெட்டினதும் முதல் ஆளா அவதான்.”

“அவளுக்கு மூச்சில்ல சேர்.”

“அதத்தானே விதானையார் காட்டப் போறம்.”

பறை மேளம் கேட்டது. பிரதம அதிதி மாலையோடு வந்து இறங்கினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவரோடு வந்தவருக்கும், வந்தவரின் தம்பிக்கும் போர்த்தினார்கள். செயலாளர் முகைதீன்பாவா வெல்வெட் துணி விரித்த தட்டத்தில் கத்தரிக்கோலை ஏந்திக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

உள்ளே றுகையாவை ட்றொலியில் ஏற்றியிருந்தார்கள். டொக்டர் தர்சிகா கதவைத் திறந்தார். ஷரிபுதீன் ட்றொலியின் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே றிபன், றிபனுக்கு அப்பால் பிரதம அதிதி, அவருக்குப் பின்னால் ஊர்.

“என்ன இது டொக்டர்?” என்றார் தலைவர். “இது நிரலில இல்லையே. கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளுங்க. கீழால குனிஞ்சு…”

“ட்றொலி குனியாது சேர்,” என்றார் டொக்டர் தர்சிகா.

ஷரிபுதீனின் கை இரும்பில் இறுகிப்போய் இருந்தது. முறை வருமுன் ஒரு கதவையும் திறக்காத கை. றுகையா ஒட்சிசன் மூடிக்குள்ளிருந்து கண்ணைத் திருப்பி அவரை அண்ணாந்து பார்த்தாள். கோபமாக இல்லை, கேட்பது போலவும் இல்லை. வெறுமனே பார்த்தாள்.

அவர் தள்ளினார்.

றிபன் ட்றொலியின் முன்கம்பியில் பட்டு, வில்லுப்போல் வளைந்து, நல்ல துணியாகையால் கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பார்த்தது. பிறகு கதவு நிலையின் இரண்டு பக்கத்து ஆணிகளோடும் பிடுங்கிக்கொண்டு வந்தது. பிரதம அதிதி அப்போதுதான் கத்தரிக்கோலை விரித்து நீட்டியிருந்தார். வெட்ட எதுவும் இல்லாததால் காற்றை வெட்டினார். பின்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். முதல் பயனாளி கடந்து போகும்போது முகைதீன்பாவா, கடமை தவறாதவர், ஒரு பொன்னாடையை எடுத்து அவள் கால்மாட்டில் எறிந்தார். இழுபட்ட றிபனும் பொன்னாடையுமாக ட்றொலி பின்வாசலால் போய் அம்பியூலன்சில் ஏறியது.

நன்றியுரை நடந்ததாகத்தான் சொன்னார்கள்.

பெரியாஸ்பத்திரியில் தண்ணீரை இறக்கி, நெஞ்சின் அடியைத் தணித்து, இரத்தக்கட்டி இல்லை என்று இன்னொருமுறை உறுதிப்படுத்திவிட்டு பலூன் செய்தார்கள். கதவுக்கு வெளியே மர வாங்கு ஒன்றில் ஷரிபுதீன் உட்கார்ந்திருந்தார். தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கி, எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாமல் மறுபடி மறுபடி முதலிலிருந்து ஓதினார். இதய வைத்தியர் வெளியே வந்து முகமூடியைக் கீழே இறக்கினார்.

“வாசல் திறந்திருக்கு. முழுசா இல்ல, ஆனா அவ சீவிக்க அது காணும். திரும்ப ஒடுங்கலாம், அதனால விடாமக் காட்டணும். சின்ன வயசில வந்த அந்தக் காய்ச்சல் திரும்பி வராம இருக்க மாசா மாசம் பென்சிலின் ஊசி. இன்னும் பிந்தியிருந்தா நான் இஞ்ச நிண்டு வேற கதை சொல்லியிருப்பன்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்கட ஊர்லதான் கருவி இருக்காமே. ஏன் இவ்வளவு பிந்தினீங்க?” என்று கேட்டார்.

ஷரிபுதீன் சொல்ல வாயெடுத்தார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. “மழை சேர்,” என்றார்.

மூன்றாம் நாள் றுகையா கட்டிலுக்குப் பக்கத்தில் துணியை விரித்து நின்று தொழுதாள். ஸுஜூதில் தலையை வைத்து, வழக்கத்தைவிட அதிக நேரம் அப்படியே இருந்தாள். எழும்பும்போது கையை எங்கும் ஊன்றவில்லை. ஷரிபுதீன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது கைபேசி அடித்தது. செயலாளர் முகைதீன்பாவா. ஷரிபுதீன் எடுக்கத் தயங்கியதைப் பார்த்து றுகையா கையை நீட்டி வாங்கினாள்.

“ராத்தா, எப்பிடிச் சுகம்? ஊரெல்லாம் உங்கள்ட கதைதான்.”

“சுகம் தம்பி. அந்தக் கருவியில இப்ப ஆரப் பாக்குறாங்க?”

“ஒருத்தரையும் இல்ல ராத்தா. இன்னும் திறக்கல்லியே.”

“திறந்துதானே நான் வந்தன்.”

“அதுலதான் ராத்தா சிக்கல். குழு அவசரமாக் கூடி ஆராஞ்சது. திறப்பு எண்டா வெளியால இருந்து உள்ளுக்குத் திறக்கணுமாம். நீங்க உள்ளுக்க இருந்து வெளியால வந்திட்டீங்க. அது திறப்பில சேராது, வெளியேற்றமெண்டு தீர்மானம். புது றிபன் கட்டியாச்சு. திகதியும் எடுத்தாச்சு.” முகைதீன்பாவா குரலைத் தாழ்த்தினார். “உங்களத்தான் திரும்பக் கேக்கச் சொன்னார் தலைவர். பேர் அடிச்ச அழைப்புக் காட் எல்லாம் மிச்சமிரிக்கி. கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி…”

“எனக்கு இப்ப மூச்சு வாங்குறல்ல தம்பி.”

“அப்ப வேற ஆள்தான் பாக்கணும்.”

“வேற ஆளும் இரிக்காங்களா?”

“இரிக்காங்க ராத்தா, என்ன இப்பிடிக் கேட்டுட்டீங்க. டொக்டர் அம்மா பேர் குடுத்திரிக்கா. பாண்டிருப்பில ஒரு ஆள், நம்மட ஊர்ல ரெண்டு பேர். ஒண்டு புள்ளத்தாச்சிப் பொம்புள. சின்னப் புள்ளையொண்டும் இரிக்கி, பள்ளிக்கூடம் போறது. ஆருக்கு நல்லா மூச்சு வாங்குதெண்டு பாத்து ஒராள எடுப்பம். பள்ளிக்கூடப் புள்ளையெண்டா படத்துக்கு நல்லாரிக்குமெண்டு தலைவர் சொல்றார்.”

றுகையா கட்டில் சட்டத்தைப் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்து ஷரிபுதீன் தாதியைக் கூப்பிட எழுந்தார். அவள் கையால் வேண்டாம் என்றாள்.

“தம்பி, போன முறை விழா ஏன் பிழச்சது?”

“அதுதான் ராத்தா எங்களுக்கும் விளங்கல்ல. எல்லாம் ஒழுங்காத்தானே இரிந்திச்சு.”

“ஒத்திகை பாக்கல்ல நீங்க. அதான்.”

“அட,” என்றார் முகைதீன்பாவா.

“கல்யாண வீட்டுக்கே ஒத்திகை பாக்குறாங்க இந்தக் காலத்தில. விழாவுக்கு முதல் நாள் ஒரு ஒத்திகை வையுங்க. இல்ல, முதல் கிழமையே வையுங்க. அந்தப் பேர் குடுத்த எல்லாரையும் கூட்டி வாங்க. ஒவ்வொராளாப் படுக்க வச்சுப் பாத்தாத்தானே ஆரு நல்லமெண்டு தெரியும். டொக்டர் அம்மாவும் நிக்கட்டும்.”

“கரண்டப் போட்டுக் கருவியக் கொளுத்துறதா ராத்தா?”

“கொளுத்தாம எப்பிடித் தம்பி ஒத்திகை?”

“அது சரிதான். பாவனையில வராதா?”

“அத நீங்கதான் சொல்லணும். நீங்கதானே செயலாளர்.”

முகைதீன்பாவா யோசிக்கும் சத்தம் இங்கே வரை கேட்டது. “ஒத்திகை எண்டா விழாவில சேராது,” என்றார் மெதுவாக. “விழாவில சேராட்டி திறப்பில சேராது. திறப்பில சேராட்டி அங்க பாத்த ஆளும் பயனாளியில சேராது. ஓம் ராத்தா, அது கணக்கில வராது.”

“அப்ப ஒத்திகைய எத்தின தரமும் வைக்கலாம்.”

“எத்தின தரமும் வைக்கலாம். தலைவர் சரியான சந்தோசப்படுவார் ராத்தா. கிழமைக்கு ரெண்டு வைப்பம் எண்டுதான் சொல்வார்.”

“வையுங்க தம்பி. திகதிக்கு அவசரப்பட வேணாம் எண்டும் சொல்லுங்க.”

றுகையா கைபேசியைக் கணவனிடம் கொடுத்தாள்.

“டொக்டர் புள்ளைக்குக் கோல் எடுங்க,” என்றாள். “அந்தச் சின்னப் புள்ளைய முதல்ல படுக்க வைக்கச் சொல்லணும்.”